ஒரு நெருப்பில் மூன்று வேலை



டுரியான் காலத்தில் பாலிக் புலாவ் பட்டணத்துக்குப் போய் வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கடையின் முன்பக்கம் பழ வாசனை. பின்பக்கம் போனால் அனல். சுளைகளை உறைய வைக்கும் குளிர்ப்பெட்டிகளும் கடைக்குள் ஓடும் ஏர்கோனும் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்சந்தில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அதே சந்தில் நாலடி தள்ளி, சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் பாத்திரம் கழுவுவதற்கு வெந்நீர் காய்ச்சுகிறார்கள், கேஸ் தோம்பைத் திறந்து வைத்து. சுவருக்கு இந்தப் பக்கம் சூட்டை வெளியே தள்ளக் காசு. அந்தப் பக்கம் சூட்டை உண்டாக்கக் காசு.

சின்னக் கடையில் இது பெரிய தொகையாக இராது. இதையே நானூறு அறைகள் கொண்ட ஒரு கடற்கரை ஹோட்டலுக்கோ, இரவு பகலாக ஓடும் ஒரு மருத்துவமனைக்கோ பெருக்கிப் பாருங்கள். அங்கே குளிரூட்ட ஒரு பில், துணி வெளுக்கவும் சமைக்கவும் குளிக்கவும் வெந்நீருக்கு இன்னொரு பில், விளக்குக்கும் மின்தூக்கிக்கும் மூன்றாவது பில். இந்த மூன்றையும் ஒரே நெருப்பிலிருந்து எடுக்க முடியுமா என்பதே இன்றைய பேச்சு. முடியும். ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் அது இலாபமா என்றால், இல்லை. யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவாக இருப்பதால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். கட்டடத்தின் பின்புறம் எரிவாயுவில் ஓடும் ஓர் இயந்திரம் நிற்கும். அது ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் தரும். எந்த இயந்திரமும் ஓடினால் சூடாகும். லாரியின் ரேடியேட்டரையும் புகைப்போக்கியையும் தொட்டவருக்கு அது தெரியும். எரிவாயுவில் இருக்கும் சக்தியை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், நல்ல இயந்திரம் ஒன்று 40 பங்கை மின்சாரமாக மாற்றும். இன்னொரு 40 பங்கு, இயந்திரத்தைச் சுற்றி ஓடும் 90 பாகை வெந்நீராகவும் 400 பாகையைத் தாண்டும் புகையாகவும் பிடித்தெடுக்கக் கிடைக்கும். மீதி 20 காற்றோடு போய்விடும். பிடித்தெடுத்த சூட்டை வெந்நீராகவோ நீராவியாகவோ பயன்படுத்தலாம்; அல்லது அதைக் கொண்டே குளிர்நீர் உண்டாக்கிக் கட்டடத்தைக் குளிரவைக்கலாம். மின்சாரம், வெப்பம், குளிர்ச்சி மூன்றும் ஓரிடத்தில் பிறப்பதால் இதை முக்கூட்டு உற்பத்தி என்று சொல்லலாம். பொறியியலாளர்கள் டிரைஜெனரேஷன் என்பார்கள்.

தோட்டத்து ஆலை அன்றே செய்தது

ஏதோ வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்க வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் வாழ்ந்த நம்மவர்களுக்கு இதன் பாதி நன்றாகத் தெரியும். ஆலையில் கொதிகலனுக்குள் என்ன போட்டு எரிக்கிறார்கள்? எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் ஓடும்தான். அந்த நெருப்பில் எழும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு மின்சாரம் தருகிறது. டர்பைனை விட்டு வெளிவரும் நீராவியை வீணாக விடுவதில்லை. அதைக் கொண்டுதான் குலைகளை வேக வைக்கிறார்கள், ஏறக்குறைய 140 பாகை சூட்டில். ஒரு டன் குலைக்குச் சுமார் அரை டன் நீராவியும் 20 யூனிட் அளவு மின்சாரமும் வேண்டும். தமிழ்நாட்டிலும் கரும்பாலைகள் சக்கையை எரித்து இதையே செய்கின்றன.

இந்த ஆலைகளில் கணக்கு ஏன் சரியாக வருகிறது? மின்சாரம் வேண்டிய அதே நேரத்தில் சூடும் வேண்டும். குலை வந்தால் இரண்டும் ஓடும். குலை வராவிட்டால் இரண்டும் நிற்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துக் கட்டடங்களில் பல திட்டங்கள் படுத்துப்போவது இந்த ஓர் இடத்தில்தான்.

நெருப்பில் பிறக்கும் குளிர்ச்சி

சூட்டைக் கொண்டு குளிர்ச்சி உண்டாக்குவது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மின்சாரம் எட்டாத இடங்களில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டி இருந்தது. அடியில் சின்னத் திரி எரியும், மேலே ஐஸ் கட்டியாகும். பார்ப்பதற்கு மாயம் போலிருக்கும். ஸ்வீடன் நாட்டு மாணவர்கள் இருவர், பிளாட்டன், முண்டர்ஸ் என்பவர்கள், 1922ஆம் ஆண்டு உருவாக்கிய அமைப்பு அது. அதற்கும் முன்பே, 1859இல், பிரெஞ்சுக்காரரான ஃபெர்டினான் காரே நெருப்பின் உதவியால் ஐஸ் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

இன்றைய பெரிய கட்டடங்களில் இருப்பது தண்ணீரும் லித்தியம் புரோமைடு என்ற உப்பும் சேர்ந்த ஏற்பாடு. மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். காற்றழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். ஒரு தொட்டிக்குள் அழுத்தத்தை வெளிக்காற்றின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோனால், தண்ணீர் 5 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை அது பக்கத்துக் குழாயிலிருந்து உறிஞ்சுவதால் குழாய்நீர் 7 பாகைக்குக் குளிர்கிறது. அந்தக் குளிர்நீர்தான் மாடி மாடியாகப் போய் அறைகளைக் குளிரவைக்கிறது. சரி, தொட்டிக்குள் எழும் ஆவியை யார் அகற்றுவது? மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்கு ஈரத்தின் மேல் அவ்வளவு ஆசை. லித்தியம் புரோமைடுக்கு அந்த ஆசை இன்னும் அதிகம். அதன் கரைசல் ஆவியைக் குடித்துவிடும். குடித்து நீர்த்துப்போன கரைசலைச் சூடாக்கினால் தண்ணீர் பிரிந்து வரும், உப்பு மறுபடியும் தாகத்தோடு தயாராகும். இயந்திரத்தின் கழிவுச் சூட்டுக்கு இங்கேதான் வேலை. வழக்கமான ஏர்கோனில் மின்மோட்டார் செய்யும் வேலையை இங்கே உப்பும் சூடும் சேர்ந்து செய்கின்றன.

நம் நாட்டில் இது ஏட்டுச் சுரைக்காயாக நிற்கவில்லை. 1998இல் திறக்கப்பட்ட சிப்பாங் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு எரிவாயுவில் மின்சாரமும் குளிர்நீரும் சேர்த்துத் தரும் தனி நிலையம் கட்டப்பட்டது. அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த புத்ராஜெயாவிலும் எரிவாயு வட்டாரக் குளிரூட்டு நிலையங்கள் உண்டு. அங்கே கட்டடத்துக்குக் கட்டடம் தனி ஏர்கோன் இயந்திரம் வைப்பதற்குப் பதிலாக, ஒரே நிலையத்திலிருந்து நிலத்தடிக் குழாய்வழி குளிர்நீர் போகிறது.

பார்த்துப் படிக்க வேண்டிய இடம் பேராக், ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் கட்டட அழகுக்கு 2007இல் ஆகா கான் விருது கிடைத்தது. படம் எடுத்தவர்கள் எல்லாரும் அந்த வளைந்த கூரைகளைத்தான் எடுத்தார்கள். வளாகத்துக்கு உயிர் கொடுக்கும் இயந்திரக் கூடத்தை எடுத்தவர் அபூர்வம். அங்கே தலா 4.2 மெகாவாட் திறனுள்ள இரண்டு எரிவாயு டர்பைன்கள். அவற்றின் புகையிலிருந்து நீராவி. அந்த நீராவியில் ஓடும், தலா 1,250 டன் திறனுள்ள இரண்டு உறிஞ்சுவகைக் குளிரூட்டிகள். ஒரு குளிரூட்டி மட்டும் வீட்டில் மாட்டும் 1 குதிரைசக்தி ஏர்கோன் ஏறக்குறைய 1,600க்குச் சமம் என்றால் அதன் அளவு புரியும். அதோடு இரவில் வகுப்பும் அலுவலகமும் ஓய்ந்திருக்கும்போது குளிர்நீரைத் தயாரித்துப் பெரிய தொட்டியில் சேமித்து, பகலில் எடுத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பகல் தேவையும் இரவுத் தேவையும் மலையும் மடுவும் போல வேறுபடும். அந்தத் தொட்டி இல்லாவிட்டால் இரவில் டர்பைனைக் குறைத்து ஓட்டி நட்டப்பட வேண்டியிருக்கும்.

பிறையோடு போட்டி

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் எல்லாப் பேரங்காடியிலும் இதை மாட்டலாமே" என்று தோன்றும். விற்க வருகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். தூரத்து மின் நிலையம் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்கை வீணாக்குகிறது, எங்கள் இயந்திரமோ 80 விழுக்காடு பயன் தரும் என்று வண்ணப் படம் போட்டுக் காட்டுவார்கள். பழைய மின் நிலையங்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் பினாங்குத் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் பிறையில் தெனாகா நேஷனலின் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அது 1,071 மெகாவாட் திறனுடையது. டர்பைனின் புகையில் நீராவி உண்டாக்கி இரண்டாம் முறையும் மின்சாரம் எடுக்கிறது. 100 பங்கு எரிவாயுவில் 60 பங்கு மின்சாரம். கம்பிவழி வரும்போது சற்றுத் தேய்ந்து 57 என்று வைப்போம்.

இப்போது கட்டடத்து இயந்திரத்தைப் பாருங்கள். அதே 100 பங்கில் மின்சாரம் 40, சூடு 40. அந்தச் சூடு முழுவதையும் குளிர்ச்சியாக மாற்றினால், எளிய வகை உறிஞ்சுக் குளிரூட்டி ஒரு பங்கு சூட்டுக்கு 0.7 பங்கு குளிர்ச்சிதான் தரும். ஆக 28 பங்கு. நல்ல மின்சாரக் குளிரூட்டியோ ஒரு பங்கு மின்சாரத்தில் 5 பங்கு குளிர்ச்சி தரும். 28 பங்கு குளிர்ச்சிக்கு அதற்கு வேண்டியது 6 பங்குக்கும் குறைவான மின்சாரம். ஆக, கட்டடத்து இயந்திரத்தின் உழைப்பு மின்சாரக் கணக்கில் 40உம் 6உம் சேர்ந்து 46. பிறை தருவது 57. சூட்டை எல்லாம் குளிராக மாற்றும் கட்டடம் எரிபொருள் கணக்கில் பிறையிடம் தோற்கிறது!

கணக்கைத் திருப்பிப் போடுவோம். அந்த 40 பங்கு சூட்டையும் வெந்நீராகவே பயன்படுத்தும் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வாங்கினால், 40 பங்கு மின்சாரத்துக்குப் பிறையில் 70 பங்கு எரிவாயு வேண்டும். 40 பங்கு வெந்நீருக்குக் கொதிகலனில் 47 பங்கு வேண்டும். மொத்தம் 117. கட்டடத்து இயந்திரம் அதை 100இல் முடித்துவிடுகிறது. மின்சார ஹீட்டரில் வெந்நீர் காய்ச்சும் கட்டடமாக இருந்தால் மொத்தம் 140 ஆகும். அங்கே மிச்சம் இன்னும் பெரிது.

வெயில் நாட்டில் வாழ்கிறோம், ஆகவே சூட்டைக் குளிராக்குவதுதான் நமக்குப் பெரிய பயன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவதுதான் முதல் இலாபம். வெந்நீருக்கும் நீராவிக்கும் போக மிஞ்சியதைக் குளிர்ச்சியாக மாற்றுவது இரண்டாவது. எறிவதைவிட அது மேல், அவ்வளவுதான். பிறையைப் போன்ற நிலையம் எல்லா இடத்திலும் இல்லை, தீபகற்ப மின்சாரத்தில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். அதுவும் சரியே. நிலக்கரி மின்சாரத்தோடு ஒப்பிட்டால் புகைக்கணக்கில் கட்டடத்து இயந்திரம் ஏறக்குறைய பாதிக் கரியமில வாயுவோடு வேலையை முடிக்கும். ஆனால் பழைய நிலையங்கள் மூடப்பட்டு, சூரிய ஒளி மின்சாரம் கூடிக்கொண்டே வரும்போது அந்த மேன்மை ஆண்டுக்காண்டு தேயும். இயந்திரம் வாங்குகிறவர் பதினைந்து இருபது ஆண்டுக்கு வாங்குகிறார் என்பதையும் நினைக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்?

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். அலுவலகக் கட்டடம் அதில் 2,500 மணி நேரம்தான் முழுமூச்சில் ஓடும். அங்கே வெந்நீர் என்பது தேநீர் கலக்க மட்டும். பேரங்காடி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் திறந்திருந்தாலும் 4,380தான். குளிர்ச்சி மலை போல் வேண்டும், வெந்நீர் கை கழுவும் அளவுக்குக்கூட வேண்டாம். இவை இரண்டும் எட்ட நிற்பது நல்லது.

மருத்துவமனையில் விளக்கு அணைவதே இல்லை. கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய நீராவி, சலவைக்கு வெந்நீர், சமையலறைக்கு வெந்நீர். இவற்றோடு வெளியே தெரியாத ஒன்றும் உண்டு. அறுவைச் சிகிச்சைக் கூடத்துக் காற்றில் ஈரம் அதிகமாக இருக்கக் கூடாது. இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தைப் பிழிந்தெடுக்கக் காற்றை மிகவும் குளிர வைக்கிறார்கள். அப்படியே உள்ளே விட்டால் மருத்துவருக்கும் நோயாளிக்கும் பல் கிட்டிப்போகும். ஆகவே குளிர்ந்த காற்றை மறுபடியும் கொஞ்சம் சூடாக்கி அனுப்புகிறார்கள். பல இடங்களில் இதற்கு மின்சார ஹீட்டர்தான். குளிர வைக்கவும் மின்சாரம், குளிர்ந்ததைச் சூடாக்கவும் மின்சாரம். இந்த மறுசூட்டுக்கு 60 பாகை வெந்நீர் போதும். இயந்திரம் தருவதோ 90 பாகை. புதுடில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையத்தில், இந்திய-ஜெர்மன் கூட்டுத் திட்டத்தின் கீழ் இத்தகைய எரிவாயு முக்கூட்டு அமைப்பைப் பொருத்தினார்கள். மாதிரித் திட்டத்துக்கு அலுவலகத்தை விட்டு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தது நல்ல தேர்வு.

பாலிக் புலாவ், பினாங்குத் தீவின் தென்மேற்கு மாவட்டத்தின் தலைமைப் பட்டணம். தோட்டமும் வயலும் மட்டுமே இந்த மாவட்டம் என்று நினைக்கக் கூடாது. 1972 முதல் வளர்ந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் இதற்குள்தான். மின்னணுச் சில்லு செய்யும் ஆலைகளின் தூய்மை அறைகளில், அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குச் சொன்ன அதே கதை பெரிய அளவில் நடக்கிறது: குளிர வைத்து ஈரம் பிழிவது, பிறகு சூடாக்குவது, அதுவும் இருபத்து நான்கு மணி நேரமும். பத்து பெரிங்கிக் கடற்கரை ஹோட்டல்களுக்கும் சலவை, சமையல், குளியல் என்று நாள் முழுவதும் வெந்நீர் வேண்டும். ஆனால் விருந்தினர் இல்லாத மாதங்களில் தேவை பாதியாகும். கோவிட் காலத்தில் காலியாகக் கிடந்த அறைகளை நினைத்துப் பார்த்தால், ஹோட்டல்காரர் இயந்திரத்தின் அளவை இன்னும் கொஞ்சம் குறைத்தே போடுவார்.

அளவுதான் இங்கே எல்லாம். மின்கட்டண பில்லைப் பார்த்து, அது முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்குப் பெரிய இயந்திரம் வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அப்போது சூடு தேவைக்கு மேல் கிடைக்கும். அதை என்ன செய்வது? ரேடியேட்டர் வைத்து வெளியே தள்ளுவார்கள். முக்கூட்டு என்று பெயர் வைத்து வாங்கியது வெறும் ஜெனரேட்டராக நிற்கும், அதுவும் விலை உயர்ந்த ஜெனரேட்டராக. கட்டடத்தில் எந்நேரமும் குறையாமல் வேண்டியிருக்கும் வெந்நீரின் அளவைப் பார்த்து, அதற்கேற்ற சிறிய இயந்திரம் வாங்க வேண்டும். மீதி மின்சாரத்தைத் தெனாகாவிடம் வாங்குவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

கணக்கில் விடுபடும் சில செலவுகள்

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறிஞ்சுவகைக் குளிரூட்டி, கட்டடத்துச் சூட்டோடு தனக்குக் கொடுத்த சூட்டையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும். மின்சாரக் குளிரூட்டியைவிட அது ஏறக்குறைய இரு மடங்கு. மொட்டை மாடியில் ஆவியாகும் தண்ணீரும் இரு மடங்கு. 2024 ஜனவரியில் குழாய் வேலைக்காக நான்கு நாள் தண்ணீர் தடைப்பட்டபோது பினாங்கு மக்கள் வாளியும் பீப்பாயுமாக அலைந்ததை மறந்திருக்க மாட்டார்கள். இங்கே தண்ணீரை இலவசப் பொருளாக எழுதிய திட்ட அறிக்கை எதையும் நம்ப முடியாது.

அடுத்தது எரிவாயு விலை. முன்பு அரசாங்க மானியத்தில் மலிவாகக் கிடைத்த எரிவாயுவின் மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2013 முதல் மலாக்கா, சுங்கை ஊடாங்கில் கப்பல்வழி வரும் திரவ எரிவாயுவையும் இறக்குகிறோம். உலகச் சந்தை தும்மினால் இங்கே சளி பிடிக்கும். 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது அதைக் கண்டோம். மின்கட்டணமும் 2025 ஜூலை 1 முதல் புது முறைக்கு மாறியது. நேரவாரிக் கட்டணத்தில் வேலை நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். பெரிய பயனீட்டாளர் அந்த மாதத்தில் எட்டிய உச்சத் தேவைக்குத் தனியாகவும் கட்ட வேண்டும். இதில் ஒரு நன்மையும் ஒரு பொறியும் இருக்கின்றன. உச்ச நேரத்தில் சொந்த இயந்திரம் ஓடினால் சேமிப்பு. ஆனால் மாதத்தில் ஒரே ஒரு பிற்பகல், அரை மணி நேரம், இயந்திரம் படுத்துவிட்டால் அந்த மாதத்து உச்சத் தேவைக் கட்டணச் சேமிப்பு போயே போச்சு. எண்ணெய் மாற்றுவது, தீப்பொறிக் கட்டைகளை மாற்றுவது, 60,000 மணி நேரம் ஓடியதும் பிரித்துச் செப்பனிடுவது எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் இது ஓடாது.

மின்தடை வந்தால் தப்பிக்கலாம் என்பது இன்னொரு விற்பனைப் பேச்சு. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி தீபகற்பம் முழுவதும் இருண்டதை வயதில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வெளிக்கம்பியில் மின்சாரம் போனதும் கட்டடத்து இயந்திரமும் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்படி அமைப்பதே வழக்கம். தனித்து நின்று ஓட வேண்டுமானால் அதற்கான கருவிகளைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமனை தன் டீசல் ஜெனரேட்டரை எடுத்து விற்றுவிடவும் கூடாது.

குழாய் எட்டாத இடங்களில்

எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்களில் தோம்பு கேஸை எரித்து மின்சாரம் எடுப்பது கட்டுப்படியாகாது. அதனால் அவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. தொடக்கத்தில் சொன்ன பின்சந்து அனலுக்கு வருவோம். ஏர்கோன், குளிர் அறை ஆகியவற்றின் சூடான வாயு போகும் குழாயைத் தண்ணீர்த் தொட்டி வழியாகச் சுற்றிவிட்டால், 50 பாகையை ஒட்டிய வெந்நீர் கிடைக்கும். புது இயந்திரம் எதுவும் எரிய வேண்டாம். குளிர் அறையின் சுமையும் சற்றுக் குறையும். ஏர்கோன் வேலை தெரிந்தவர் செய்யக்கூடிய ஏற்பாடு.

பாலிக் புலாவ் டுரியானுக்கு மட்டும் பேர்போன ஊரல்ல, ஜாதிக்காய்க்கும் பேர்போனது. ஜாதிக்கொட்டையை உலர்த்தும்போது சூடு 45 பாகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளிருக்கும் கொழுப்பு உருகித் தரம் கெடும். மழை நாளில் வெயிலில் காயப்போட்டவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர் அறையின் பின்புறம் வீசும் காற்று ஏறக்குறைய அதே 40, 45 பாகைதான். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் டுரியான் உறையவும் மறுபக்கம் ஜாதிக்காய் உலரவும் செய்யலாம். இரண்டு வியாபாரமும் ஒருவர் கையில் இருந்தால் இன்னும் எளிது; அடுத்தடுத்த கடைக்காரர்கள் என்றால் யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சு வரும். பொறியியலைவிட அது கடினமான வேலை!

புதிதாகக் கட்டுபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இதே தென்மேற்கு மாவட்டத்தின் கடலோரத்தில் 2023 செப்டம்பரில் சிலிக்கோன் தீவுக்கான மண் நிரப்பும் பணி தொடங்கியது. அதனால் வாழ்வு பாதிக்கப்படும் மீனவர்களின் மனக்குறை தனியே பேச வேண்டிய விஷயம். அதை ஓரிரு வரியில் தீர்க்க முடியாது. ஆனால் தீவு எழுந்து அதில் ஆலைகளும் கட்டடங்களும் வருமானால், எந்தக் கட்டடம் சூட்டை வெளியே தள்ளும், எந்தக் கட்டடத்துக்குச் சூடு வேண்டும் என்பதைச் சாலை போடும் முன்பே பார்த்து நிலத்தடிக் குழாய்க்கு இடம் விட வேண்டும். புத்ராஜெயாவில் அது முடிந்ததற்குக் காரணம், ஊரே புதிதாகப் பிறந்ததுதான். ஜார்ஜ்டவுன் பழைய தெருக்களில் அதைச் செய்யவே முடியாது.

இருக்கின்ற கட்டடங்களை இப்போது சட்டமும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 இலட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான எரிசக்தி செலவிடுகிறவர்கள், பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை அமர்த்த வேண்டும். பெரிய மருத்துவமனைகளும் ஹோட்டல்களும் இந்த வரம்புக்குள் வரும். அந்த மேலாளரிடம் நிர்வாகம் முதலில் கேட்க வேண்டியது மின்கட்டணக் கணக்கை அல்ல. அது ஏற்கெனவே மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது. வெந்நீர்க் குழாயிலும் நீராவிக் குழாயிலும் மீட்டரை மாட்டி, மணிக்கு எவ்வளவு போகிறது என்று ஓராண்டு எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். நள்ளிரவிலும் பெருநாள் விடுமுறையிலும் குறையாமல் ஓடும் அளவு எதுவோ, இயந்திரம் அந்த அளவுக்குத்தான். அந்த ஓராண்டுக் கணக்கைக் கேட்காமலேயே இயந்திரம் விற்க வருகிறவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.